கடைமடைக்கு ஆயில் வருதா? பைக் இன்ஜினுக்குள் நடக்கும் ‘தண்ணீர்ப் பங்கீடு’

ஞாயிற்றுக்கிழமை காலை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் கீரனூரைத் தாண்டியதும் நார்த்தாமலைக் குன்றுகள் மொட்டைப் பாறைகளாக எழுந்து நிற்கும். விடியற்காலையில் கிளம்பி வந்த பைக் குரூப் ஒன்று அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்துகிறது. மேலே ஏறி விஜயாலய சோழீச்சரத்தைப் பார்த்து, நாலு போட்டோ, ஒரு ரீல்ஸ். பாறை சூடேறும் முன் இறங்கி வந்து வண்டியை ஸ்டார்ட் செய்கிறார்கள்.

ஒரு வண்டியிலிருந்து மட்டும் ‘டிக்... டிக்... டிக்...’

இந்த இடத்தில் எந்த குரூப்பிலும் மூன்று வசனங்கள் வரும். “டேப்பட் சத்தம் மாப்ள.” “கொஞ்சம் திக்கான ஆயில் ஊத்துனா போயிரும்டா.” “ஆயில் லைட்டே எரியல, விடு, போலாம்.”

முதல் வசனம் பெரும்பாலும் சரி. மற்ற இரண்டும்தான் பல இன்ஜின்களின் ஹெட்டைக் கழற்ற வைத்த வசனங்கள். ஏன்? இந்தக் கட்டுரை அதைத்தான் பார்க்கப் போகிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 செப்டம்பர் 22 முதல் பைக்குகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட பைக்குகளுக்கு, முன்பு செஸ் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது, 40 ஆக உயர்ந்தது.

முதல் வேலை, முதல் இஎம்ஐ, முதல் பெரிய பைக் என்று கணக்குப் போடும் இளைஞர்களுக்கு இது நேரடியான செய்தி. 450, 650 சிசி வண்டி வேண்டுமென்றால் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டும், அல்லது செகண்ட் ஹேண்டில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இருக்கும் வண்டியையே இன்னும் சில வருஷம் நல்லபடி ஓட்ட நினைப்பார்கள். எந்த வழியில் போனாலும் கேள்வி ஒன்றுதான்: இன்ஜின் எத்தனை நாள் தாங்கும்?

அதற்கான பதிலில் பெரிய பங்கு இன்ஜினின் தலைப்பகுதியில், நம் கண்ணுக்குத் தெரியாத சில மில்லிமீட்டர் துளைகளுக்குள் இருக்கிறது.

வால்வு டிரெயின் என்றால் என்ன?

இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் வர ஒரு கதவு, புகை வெளியேற ஒரு கதவு. அந்தக் கதவுகள்தான் வால்வுகள். அவற்றைத் திறக்கும் முட்டை வடிவ மேடு கொண்ட தண்டு கேம் ஷாஃப்ட். கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் நின்று அழுத்தத்தைக் கடத்துவது ராக்கர் அல்லது ஃபாலோயர். திறந்த வால்வை மூடுவது ஸ்பிரிங். இந்த மொத்தக் குடும்பத்துக்கும் பெயர் வால்வு டிரெயின்.

வேகத்தைப் பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். இன்ஜின் 9,000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 4,500 முறை, அதாவது நொடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் கேமின் மூக்கு, ஸ்பிரிங்கின் முழு பலத்தையும் எதிர்த்து, ஒரு சின்னக் கோடு அளவுக்கு மட்டுமே ஃபாலோயர் மீது உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு போகிறது. இரண்டு இரும்புக்கும் நடுவில் இருப்பது முடியைவிட மிக மெல்லிய ஆயில் படலம். அது அறுந்தால் இரும்பும் இரும்பும் நேருக்கு நேர்.

ஆயிலுக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. ஓயாமல் சுருங்கி விரியும் ஸ்பிரிங் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்குவதும் ஆயில்தான்.

கண்மாய்க் கணக்கு

புதுக்கோட்டை கண்மாய்களின் மாவட்டம். இன்ஜினுக்குள் ஆயில் எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஊர்க் கணக்கே போதும்.

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் இடம் சம்ப். அதுதான் கண்மாய். கிராங்க் சுற்றும்போது கூடவே சுற்றும் ஆயில் பம்ப், சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சி ஃபில்டர் வழியாக மெயின் கேலரி என்ற பெரிய பாதைக்குத் தள்ளுகிறது. அது வாய்க்கால். அங்கிருந்து கிராங்க் பேரிங்குகளுக்கும் கனெக்டிங் ராடுக்கும் போவது முதல் மடைகள். மிச்சம் இருப்பது சிலிண்டரைத் தாண்டி மேலே ஏறி, ஹெட்டுக்குள் நுழைந்து, கேம் ஷாஃப்டுக்கும் ராக்கருக்கும் போகும். அது கடைமடை.

கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேறுமே, அதே வேலையைச் செய்ய இன்ஜினிலும் ஒன்று உண்டு. பிரஷர் ஒரு அளவைத் தாண்டினால் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு திறந்து உபரி ஆயிலைத் திருப்பிவிடும். ரிலீஃப் வால்வு என்பார்கள்.

ஒவ்வொரு முறை மேட்டூர் திறந்ததும் அடுத்து வரும் செய்தி என்ன? ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா?’ இதே மாவட்டத்தின் இன்னொரு மூலையில், அறந்தாங்கி, நாகுடி பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை விவசாயிகள் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி அது. அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்பது அவர்களுக்குப் பதில் ஆகாது. தன் வயலுக்கு வந்ததா என்பதுதான் பதில்.

கேம் ஷாஃப்டும் அதையேதான் கேட்கிறது. சம்பில் ஆயில் இருக்கிறது, கேலரியில் பிரஷர் இருக்கிறது என்பதெல்லாம் சரி. எனக்கு வந்ததா?

பிரஷர் வேறு, ஓட்டம் வேறு

பலரும் தடுமாறும் இடம் இது. ஆயில் பம்ப் பிரஷரை உற்பத்தி செய்வதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு ஆயில் என்று தள்ளுகிறது, அவ்வளவுதான். போகும் வழியில் ஏற்படும் தடைதான் பிரஷராகத் தெரிகிறது. செடிக்குத் தண்ணீர் விடும்போது பைப் வாயில் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். பிரஷர் கூடும், தண்ணீர் சீறும். ஆனால் ஒரு பக்கெட் நிரம்ப முன்பைவிட நேரம் அதிகமாகும்.

இப்போது ஹெட்டுக்குப் போகும் சின்னத் துளை ஒன்று கசடு படிந்து பாதி அடைத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் துளை 1 மில்லிமீட்டர் ஆனால் பரப்பு பாதியாகக் குறையாது, நாலில் ஒரு பங்காகிவிடும். மேலே கேம் ஷாஃப்ட் காய்கிறது. ஆனால் கீழே கேலரியில் பிரஷர் குறையவே குறையாது, கொஞ்சம் ஏறக்கூடச் செய்யலாம். மீட்டர் வைத்திருந்தால் அது ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று காட்டும்.

ஆயில் லைட் கதையும் இதுதான். பல வண்டிகளில் அந்த லைட்டுக்கான சுவிட்ச் கேலரியில், முதல் மடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொதுவாக 0.3 முதல் 0.5 பார் வரை பிரஷர் விழுந்த பிறகுதான் அது எரியும். ஓடும் இன்ஜினுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத பிரஷர். அதாவது, அந்த லைட் முன்னெச்சரிக்கை மணி கிடையாது. வீட்டில் தீப்பிடித்த பிறகு அடிக்கும் மணி. அது எரியவில்லை என்பதால் கடைமடை நனைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை.

திருச்சி டு நார்த்தாமலை: மூன்று சோதனை நேரம்

ஒரே ஒரு காலை ரைடில் வால்வு டிரெயின் மூன்று விதமான சோதனைகளைத் தாண்டுகிறது.

முதல் சோதனை, விடியற்காலை ஸ்டார்ட். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயிலெல்லாம் சம்பில் இறங்கியிருக்கும். கேமில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் மிச்சம். பம்ப் சுற்றத் தொடங்கி, ஃபில்டர் நிரம்பி, ஆயில் மேலே ஏறிச் சேர சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் ‘வ்ரூம் வ்ரூம்’ என்று ஆக்சிலரேட்டரை முறுக்குவது, தண்ணீர் திறந்துவிட்டு அது வந்து சேரும் முன்பே நாற்று நடுவது மாதிரி.

‘திக்கான ஆயில்’ யோசனை சறுக்கும் இடமும் இதுதான். குளிர்ந்த, கெட்டியான ஆயிலை பம்ப் தள்ளும்போது பிரஷர் சட்டென்று ஏறும். உடனே கலிங்கு திறந்துகொள்ளும். கடைமடைக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதி சம்புக்கே திரும்பிவிடும். மீட்டரில் பிரஷர் அமோகம், மேலே ஆயில் தாமதம். சத்தம் குறைந்தது போலத் தோன்றலாம். தேய்மானம் குறைந்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

இரண்டாவது சோதனை, ஹைவே. ஆர்பிஎம் ஏறும்போது பம்பும் வேகமாகச் சுற்றும், ஆயில் தாராளமாக மேலே போகும். அப்புறம் என்ன பிரச்சினை? ஏறுவது பம்பின் பலத்தில், இறங்குவது தன் எடையில் மட்டும். ஹெட்டிலிருந்து ஆயில் கீழே வரும் ரிட்டர்ன் துளைகளில் கசடு சேர்ந்திருந்தால், மேலே போனது மேலேயே தேங்கும். நார்த்தாமலைப் பாறைகளின் மேல் சுனையில் தண்ணீர் நிற்குமே, அப்படி. சுனையில் நின்றால் அழகு. ஹெட்டில் நின்றால் சம்ப் வற்றும்.

மூன்றாவது சோதனை, அடிவாரத்தில் வண்டியை ஆஃப் செய்யாமல் அரட்டை அடிக்கும் நேரம். சூடான இன்ஜின், ஐடிலிங். 20டபிள்யூ-50 ரக ஆயில் ஒன்றின் கெட்டித்தன்மை 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக இறங்கிவிடும். பம்போ மெதுவாகச் சுற்றுகிறது. தண்ணீராக ஓடும் ஆயில் முதல் மடைகளிலேயே, பேரிங் இடைவெளிகள் வழியாகக் கசிந்துவிடும். பிரஷர் மிகக் குறைவாக இருக்கும் நேரம் இது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் இதைச் சமாளித்துவிடும். பேரிங் தேய்ந்த இன்ஜினிலும், லெவல் குறைந்த இன்ஜினிலும் ‘டிக் டிக்’ என்று கடைமடை குரல் கொடுக்கும்.

அதிகமா போனா நல்லதுதானே?

இல்லை. ஹை பெர்ஃபாமன்ஸ் இன்ஜின் செய்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயமே இதுதான். கடைமடைக்கு வேண்டியது போதுமான ஆயில். வெள்ளம் வந்தாலும் பயிர் அழுகும்.

ஹெட்டுக்கு அளவுக்கு மேல் ஆயில் போனால் நாலு விளைவுகள். ஒன்று, வால்வு தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் மூழ்கி, ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி நீலப் புகை வரும். இரண்டு, பிரீதர் பைப் வழியாக ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போகும். மூன்று, கேம் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நான்கு, எல்லாவற்றையும்விட மோசமானது: மேலே தேங்கிய அளவுக்குக் கீழே குறைந்து, பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அப்போது காய்வது கிராங்க் பேரிங். “இன்ஜின் பிடிச்சுக்கிச்சு” என்பது அதன் பிறகு வரும் செய்தி.

அதனால்தான் பல இன்ஜின்களில் ஹெட்டுக்குப் போகும் பாதையில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை வைத்து ஆயிலை அளந்து விடுகிறார்கள். ரெஸ்ட்ரிக்டர் என்று பெயர். அதை அடைப்பு என்று நினைத்துப் பெரிதாக்குவது, மடையை உடைத்துவிடுவதற்குச் சமம். ரேஸ் இன்ஜின் கட்டுபவர்கள் 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று ஒரு பழைய குத்துமதிப்புக் கணக்கு சொல்வார்கள். தேவைக்கு மேல் பிரஷர் வைத்தால் பம்பைச் சுற்றவே பவர் வீணாகும், ஆயிலும் கூடுதலாகச் சூடாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆயிலே ஒரு பார்ட்ஸ் ஆன கதை

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

ராயல் என்ஃபீல்டின் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் டேப்பட் இடைவெளியைக் கையால்தான் வைக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த ‘விரல் கணக்கு’ தெரிந்த மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

2008 வாக்கில் அந்நிறுவனம் கொண்டுவந்த யூசிஇ இன்ஜினில் இந்த வேலை மனிதரிடமிருந்து ஆயிலிடம் போனது. ஹைட்ராலிக் டேப்பட் வந்தது. உள்ளே ஒரு சின்ன பிஸ்டன், ஒரு குண்டு, கொஞ்சம் ஆயில். இடைவெளி விழுந்தால் ஆயில் உள்ளே புகுந்து அதை நிரப்பிவிடும். டேப்பட் செட்டிங் என்ற தலைவலியே இல்லை. ஆனால் இங்கே ஆயில் வெறும் மசகு கிடையாது. அது ஒரு உதிரிப்பாகம். நுரைத்த ஆயில் உள்ளே போனால் காற்று அமுங்கும், டேப்பட் தட்டும். அழுக்கு போனால் குண்டு சரியாக உட்காராது.

ஆர்பிஎம் மிகவும் ஏறினால் இன்னொரு சிக்கல். வால்வு ஸ்பிரிங் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறும்போது ஒரு நொடிப்பொழுது இடைவெளி உண்டாகும். டேப்பட் அதை நிஜ இடைவெளி என்று நம்பி ஆயிலால் நிரப்பிக்கொள்ளும். பிறகு வால்வு முழுசாக மூடாது. 5,250 ஆர்பிஎம்மில் அதிகபட்ச பவர் தந்த யூசிஇ 350-க்கு இது பெரிய கவலை இல்லை. வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்குக் கவலைதான்.

2018-ல் வந்த 650 ட்வின் பைக்குகளில் ஹைட்ராலிக் டேப்பட் இல்லை. 2020-ல் மீட்டியோர் 350, 2021-ல் புதிய கிளாசிக், 2023-ல் புதிய புல்லட் என்று புதிய இன்ஜின் வந்தபோது 350 சிசியிலிருந்தும் அது விடைபெற்றது. டேப்பட் மறுபடி மனிதர்கள் கைக்கு வந்தது.

இதே திருப்பம் உலகின் இன்னொரு மூலையிலும் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததைக் கொண்டாடினோமே, அந்த அணி ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப் கார். அந்த ஜிடி3 வரிசையில் சாலைக்கான மாடல் 2013-லேயே 9,000 ஆர்பிஎம் தொட்டது. 2017-ல் வந்த புதிய 4 லிட்டர் இன்ஜினில் போர்ஷே ஹைட்ராலிக் முறையை நீக்கிவிட்டு, தொழிற்சாலையிலேயே தகடு வைத்து இடைவெளியை நிர்ணயிக்கும் முறைக்கு மாறியது. ஆயில் கிராங்க் ஷாஃப்டுக்குள் போகும் வழியையும் மாற்றியமைத்தது. வேகம் கூடக் கூட ஆயிலுக்குக் கொடுக்கும் பொறுப்புகளைக் குறைத்து, அதன் முதல் வேலையை ஒழுங்காகச் செய்யவிடு என்பதுதான் இதன் சாரம்.

கார்களில் நிலைமை வேறு. 1989-ல் ஹோண்டா விடெக் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆயில் பிரஷர் ஒரு சின்ன பின்னைத் தள்ளி ராக்கர்களை ஒன்றாகப் பூட்டும், வால்வு இன்னும் உயரமாகத் திறக்கும். இன்று சாதாரண குடும்ப கார்களிலும் இருக்கும் விவிடி, கேம் ஷாஃப்டை ஆயில் பிரஷரால்தான் முன்னும் பின்னும் திருப்புகிறது. உங்கள் காரில் ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போட்டால், நீங்கள் தள்ளிப்போடுவது ஒரு பார்ட்ஸ் மாற்றும் தேதியை.

பந்தயத் தடத்தில் என்ன செய்கிறார்கள்?

சோழவரம் விமான ஓடுதளத்தில் தொடங்கி, 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் சென்னையின் பந்தயங்களில் இந்தக் கடைமடைப் பிரச்சினைக்கு இன்னொரு கோணமும் உண்டு. கார் ஒரு வளைவில் 1ஜி விசையோடு திரும்பினால் சம்பில் உள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும். ஆயில் ஒரு ஓரமாக ஒதுங்க, பம்பின் வாய் காற்றில் நிற்கும். அதனால் சம்புக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பார்கள். வேகம் இன்னும் கூடினால் டிரை சம்ப். ஆயிலைத் தனி டாங்கில் வைத்து, கீழே விழுவதைத் தனி பம்புகள் உடனுக்குடன் உறிஞ்சி டாங்குக்கே அனுப்பும்.

பைக்குக்கு இதில் ஒரு சலுகை உண்டு. வளைவில் பைக்கே சாய்வதால் ஆயில் பெரும்பாலும் சம்பின் அடியிலேயே நிற்கும். அதன் எதிரி திடீர் பிரேக்கும் வீலியும்தான். வீலி அடித்து ரீல்ஸ் எடுப்பவர்கள் போலீஸ் கேஸை மட்டும்தான் யோசிக்கிறார்கள். முன் சக்கரம் தூக்கியிருக்கும் நேரத்தில் ஆயில் சம்பின் பின்பக்கம் ஒதுங்குவதை இன்ஜின் யோசித்துக்கொண்டிருக்கும்.

ரேஸ் இன்ஜினுக்கும் நம் வண்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அது அவ்வப்போது திறந்து பார்க்கப்படும். நம் இன்ஜினைத் திறந்து பார்க்க யாரும் வருவதில்லை. அது குரல் கொடுக்கும்போது நாம் கேட்டால்தான் உண்டு.

சரி, நாம என்ன செய்யணும்?

* லெவல் பாருங்கள், இரண்டு பக்கமும். மேனுவலில் சொன்ன முறையில், வண்டியை நேராக நிறுத்தி. குறைந்தாலும் ஆபத்து, மேல் கோட்டைத் தாண்டினாலும் ஆபத்து. அதிகமாக ஊற்றிய ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கும்.

* கிரேடை மாற்றாதீர்கள். மேனுவலில் எந்த எண் இருக்கிறதோ அது. தேய்ந்த பழைய இன்ஜினுக்கு ஒரு படி கெட்டியான ஆயில் உதவலாம், அதுவும் மேனுவல் அனுமதிக்கும் பட்டியலுக்குள்தான். புதிய கார்கள் பலவற்றுக்கான 0டபிள்யூ-20 ஆயில் தண்ணீராக இருக்கிறதே என்று பயந்து கெட்டியானதை ஊற்ற வேண்டாம். அந்தத் துளைகளின் அளவே அதற்காகத்தான்.

* பைக்குக்கு பைக் ஆயில். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில் ஊறுகிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். மைலேஜ் கூட்டும் வழுக்குப் பொருள் சேர்த்த கார் ஆயிலில் கிளட்ச் நழுவலாம்.

* முதல் ஒரு நிமிடம் பொறுங்கள். ஸ்டார்ட் செய்ததும் முறுக்காமல், ஹெல்மெட் மாட்டி, கிளவுஸ் போட்டு மெதுவாகக் கிளம்புங்கள். சூடாகும்வரை நிதானமாக ஓட்டுங்கள்.

* டேப்பட் செட்டிங் ஜாப் கார்டில் இருக்கிறதா? ஹைட்ராலிக் இல்லாத வண்டிக்கு இது முக்கியம். மேனுவல் சொல்லும் கிலோமீட்டரில் “டேப்பட் செக் பண்ணீங்களா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். இன்னொன்று: இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், குறைந்தால் சத்தமே வராது. ஆனால் வால்வு முழுசாக உட்காராமல், சூட்டை இறக்கிவைக்க வழியில்லாமல் கருகும். அமைதியான டேப்பட் எல்லாமே ஆரோக்கியமான டேப்பட் அல்ல.

* செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா? ஓனரிடம் முன்கூட்டியே சொல்லி, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீங்கள் போகும் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் முதல் சோதனை முடிந்துவிட்டது, உங்களுக்குத் தெரியாமலே. பிறகு நன்றாக ஓட்டிச் சூடாக்கி, ஐடிலிங்கில் விட்டுக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புக் கசடு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.

* பில்லோடு வாங்குங்கள். சீல் உடையாத டப்பா, தெளிவாக அச்சிட்ட பேட்ச் எண், கடையின் பில். அசாதாரணமாக விலை குறைத்துத் தரும் ‘பிராண்டட்’ ஆயிலில் என்ன இருக்கிறது என்பது இன்ஜினுக்குத்தான் முதலில் தெரியவரும்.

* லைட் எரிந்தால் பேச்சே இல்லை. உடனே ஓரம் கட்டி ஆஃப் செய்யுங்கள். ‘பக்கத்து ஊர் மெக்கானிக் வரைக்கும்’ என்று ஓட்டும் அந்தச் சில கிலோமீட்டர்தான் இன்ஜினின் கடைசிப் பயணமாகலாம்.

அப்போ அந்த ‘டிக் டிக்’?

நார்த்தாமலை அடிவாரத்துக்கே திரும்புவோம். ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நொடியில் சத்தம் அடங்கிவிட்டால், ஆயில் மேலே ஏறிச் சேர்ந்த நேரம் அது. பதற வேண்டாம், அடுத்த சர்வீஸில் சொல்லுங்கள். சூடான பிறகும் தொடர்ந்தால், முதலில் ஆயில் லெவலைப் பாருங்கள். லெவல் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால், வேகத்தைக் குறைத்து வீடு சேர்ந்து, அந்த வாரமே டேப்பட் செட்டிங் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நாளுக்கு நாள் கூடினாலோ, கனமான ‘டக் டக்’ ஆக மாறினாலோ, ஓட்டவே வேண்டாம். வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் செலவு, ஹெட்டை இறக்கிக் கேம் ஷாஃப்டும் ராக்கரும் மாற்றும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

கடைமடை விவசாயி சாலையில் வந்து உட்காரும்போதுதான் மேலே இருப்பவர்களுக்கு விஷயம் தெரிகிறது. இன்ஜினுக்கு உட்கார சாலை கிடையாது. அதற்கு இருப்பது அந்தச் சின்னச் சத்தம் மட்டும்தான். மியூசிக்கைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.